மேற்கு ஆப்பிரிக்காவில் தடையற்ற பயணமும் பொதுக் கடவுச்சீட்டும்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எக்கோவாஸ், தன் உறுப்பு நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் எல்லை கடந்து 90 நாள் வரை தங்க இடமளிக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கான ஒப்பந்தம் 1979-இல் கையெழுத்தானது. ஐரோப்பாவில் எல்லைச் சோதனைகளை நீக்க வழிசெய்த ஷெங்கன் உடன்பாடு அதற்கு 6 ஆண்டுகள் பிந்தியது.

இப்பகுதியில் மக்கள் இடம்பெயர்வது எல்லைகளைவிடப் பழையது. கோலாக் கொட்டையும் மாடுகளும் காட்டு நாட்டுக்கும் சாகேல் வறள்நிலத்துக்கும் இடையே காலங்காலமாகக் கைமாறின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் போட்ட கோடுகள் மக்களை நடுவே அறுத்தன. எவே மொழி பேசுவோர் இன்றும் கானாவிலும் டோகோவிலுமாகப் பிரிந்தே வாழ்கின்றனர். டோகோவின் தலைநகர் லோமே எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. தெருவின் ஒரு முனை டோகோ என்றால் மறுமுனை கானா. விடுதலைக்குப் பிறகு இந்தக் கோடுகள் இன்னும் இறுகின. 1969 நவம்பரில் கானாவின் பிரதமர் புசியா அரசு, தங்கல் அனுமதி இல்லாத வெளிநாட்டார் இரண்டு வாரத்தில் அனுமதி பெறவேண்டும், இல்லையேல் வெளியேறவேண்டும் என்று ஆணையிட்டது. வெளியேறியவர்களில் நைஜீரிய வணிகர்கள் ஏராளம்.

எக்கோவாஸ் 1975 மே 28 அன்று நைஜீரியாவின் லாகோஸில் உருவானது. நைஜீரிய ஆட்சித் தலைவர் கோவோனும் டோகோ அதிபர் எயாதேமாவும் இதற்கு முன்னின்று உழைத்தனர். ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் என மூன்று ஆட்சிமொழிகளைச் சேர்ந்த நாடுகளை ஒரே சந்தையாக்குவது அதன் நோக்கம். 1979 மே 29 அன்று செனகலின் டக்கரில் கையெழுத்தான ஒப்பந்தம், 15 ஆண்டுகளில் மூன்று கட்டங்களை வகுத்தது: முதலில் நுழையும் உரிமை, பின்னர் தங்கிப் பணிபுரியும் உரிமை, இறுதியில் தொழில் தொடங்கும் உரிமை. எல்லையில் காட்டவேண்டியவை, செல்லுபடியாகும் பயண ஆவணமும் தடுப்பூசிச் சான்றிதழும் மட்டுமே.

கட்டம் கட்டமாகச் செல்வது நிதானமான வழியாகத் தோன்றும். ஆனால் நுழைவு முதலிலும் வேலை பிறகும் என்ற அந்த வரிசைக்குள்ளேயே ஆபத்து இருந்தது. வருகிறவர் வேலைக்காகத்தான் வருகிறார். 1970களின் எண்ணெய்ச் செழிப்பில் நைஜீரியாவுக்குப் போன கானாக்காரர்கள் ஆசிரியர்களாகவும் கட்டட வேலையாட்களாகவும் அங்கேயே தங்கிவிட்டனர். எண்ணெய் விலை சரிந்ததும், 1983 சனவரியில் நைஜீரிய அதிபர் ஷெஹு ஷகாரியின் அரசு, ஆவணமற்ற வெளிநாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேறவேண்டும் என்று அறிவித்தது. 90 நாள் கடந்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது அரசின் வாதம். ஏட்டளவில் அது சரிதான். தங்கும் உரிமைக்கான கட்டம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

ஏறத்தாழ 10 லட்சம் கானாக்காரர்கள் கிளம்பினர். டோகோவுடனான எல்லையைக் கானா முந்தைய ஆண்டே மூடியிருந்தது. டோகோவும் பெனினை ஒட்டிய தன் எல்லையை அடைத்தது. சாலைகளிலும் துறைமுகத்திலும் சோறும் நீரும் இன்றி மக்கள் காத்துக் கிடந்தனர். சனவரி இறுதியில் கானா எல்லையைத் திறந்தபோது, வறட்சியும் காட்டுத்தீயும் பஞ்சமும் அவர்களை வரவேற்றன. அவர்கள் அள்ளிக் கட்டிவந்த கட்டம்போட்ட நைலான் பைக்கு நைஜீரியாவில் ‘கானா மஸ்ட் கோ’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களிலும் அதே மாதிரிப் பையைப் பார்க்கலாம். 1985-இல் நைஜீரியாவிலிருந்து மீண்டும் ஒரு வெளியேற்றம் நடந்தது.

அதே 1985-இல்தான் எக்கோவாஸ் பயணச் சான்றிதழ் முடிவானது. கடவுச்சீட்டு எடுக்க வசதியில்லாதவருக்கான எளிய கையேடு அது. தங்கும் உரிமைக்கான இணைப்பொப்பந்தம் 1986-இலும், தொழில் தொடங்கும் உரிமைக்கானது 1990-இலும் கையெழுத்தாயின. வண்டிகளுக்கு 1982 முதல் ‘பழுப்பு அட்டை’ என்ற பொதுக் காப்பீடு உண்டு. 2000 மே மாதம் எக்கோவாஸ் கடவுச்சீட்டு ஏற்கப்பட்டது. அதை அந்தந்த நாடே வழங்குகிறது. அதன் மேலட்டையில் நாட்டின் பெயரோடு சமூகத்தின் பெயரும் சின்னமும் இருக்கும். 2014-இல் உயிரிஅளவை அடையாள அட்டைக்கு ஒப்புதல் கிடைத்தது; 2016-இல் முதலில் வழங்கிய செனகல், அதையே வாக்காளர் அட்டையாகவும் ஆக்கியது.

ஆவணம் கையில் இருந்தும் பயணம் எளிதாகிவிடவில்லை. ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலிருந்து லாகோஸ் வரை சுமார் 1,000 கி.மீ. சாலை ஐந்து நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. எல்லைச் சாவடிகளைத் தவிர, நடுவழியிலும் காவலரும் சுங்கத்தாரும் வண்டியை நிறுத்துகின்றனர். முறையான அட்டை வைத்திருப்பவரிடமும் கையூட்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. தலையில் தக்காளிக் கூடையோடு வாரம் இருமுறை எல்லை கடக்கும் சிறு வணிகப் பெண்களுக்கு, அந்தத் தொகை அன்றைய லாபத்தையே கரைத்துவிடும். 2019 ஆகஸ்டில் அரிசிக் கடத்தலைக் காரணம் காட்டி நைஜீரியா தன் நில எல்லைகளை அடைத்தது. அவை திறக்க 2020 டிசம்பர் ஆனது. சந்தையின் மிகப் பெரிய நாடே கதவைச் சாத்தியபோது, ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்ட மட்டுமே மற்ற நாடுகளால் முடிந்தது.

இராணுவ ஆட்சியின்கீழ் வந்த மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 சனவரி 29 அன்று எக்கோவாஸிலிருந்து விலகின. அன்றே தங்கள் சாகேல் கூட்டமைப்பின் புதிய கடவுச்சீட்டையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. ஐவரி கோஸ்ட்டின் கொக்கோத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் புர்கினா மக்களுக்கு இந்தப் பிரிவு கலக்கமூட்டும் செய்தி. எக்கோவாஸ் நாட்டினர் விசா இன்றி வரலாம் என்று மூன்று நாடுகளும் முன்பே அறிவித்திருந்தன. எக்கோவாஸ் தரப்பும், மறு அறிவிப்பு வரும்வரை, தன் சின்னம் பொறித்த பழைய கடவுச்சீட்டுகளையும் அடையாள அட்டைகளையும் அம்மூன்று நாட்டு மக்களிடமிருந்து ஏற்கும்படி உறுப்பு நாடுகளைப் பணித்தது.