கருவாட்டின் மேல் விழுந்த பழி

மூணு வருஷமா எங்க பெரியம்மா வீட்ல கருவாட்டுக் குழம்பு கிடையாது. அதுக்கு முன்னாடி ஊத்துக்கோட்டை பஜார்ல பழவேற்காட்டுக் கருவாடு வந்திருக்குன்னு தெரிஞ்சா போதும், அன்னைக்கு ராத்திரி அதுதான் குழம்பு. நிறுத்தினதுக்குக் காரணம் பெரியப்பாவுக்கு வந்த நோய்.

முதல்ல ஒரு பக்கக் காது அடைச்ச மாதிரி இருக்குன்னார். அப்புறம் கழுத்துல வலியில்லாம ஒரு கட்டி. சில மாசம் சளிக்குத்தான் மருந்து சாப்பிட்டார். சென்னையில மூக்கு வழியா ஸ்கோப் விட்டுப் பார்த்து, சதை எடுத்து சோதிச்சப்பதான் தெரிஞ்சது: மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே இருக்கிற தொண்டைப் பகுதியில் புற்றுநோய். அந்த வாரமே சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப் செய்தி ஒண்ணை அனுப்பினார். உப்பு மீன் சாப்பிட்டா இந்த நோய் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சாம். பெரியம்மா அதைப் படிச்சுட்டு, "நானே என் கையால ஆக்கிப் போட்டிருக்கேனே"ன்னு உட்கார்ந்துட்டாங்க.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதைத் தோண்ட ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்லை. ஆனா ஒரு பிழை எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னோக்கித் தேடிப் போறதுதான் இருபது வருஷமா என் பிழைப்பு.

கதை தொடங்குவது ஹாங்காங்கில். அங்கே கதிரியக்க மருத்துவராக இருந்த ஜான் ஹோ, உலகின் பல பகுதிகளில் அபூர்வமான இந்த நோய் தென்சீன மக்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டார். அதிலும் படகிலேயே குடும்பம் நடத்தும் மீனவ மக்களிடம், கரையில் வாழ்பவர்களைவிட அதிகமாகக் கண்டார். அவர்கள் சாப்பாட்டில் உப்பு மீன் முக்கியம். பால் மறக்கும் குழந்தைக்கே கஞ்சியோடு அதைத்தான் பிசைந்து கொடுப்பார்கள். 1986இல் மிமி யூவும் ஹோவும் மற்றவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 35 வயதுக்குட்பட்ட 250 நோயாளிகளையும் அவர்களுடைய நண்பர்கள் 250 பேரையும் ஒப்பிட்டதில், பத்து வயதில் வாரம் ஒருமுறையாவது உப்பு மீன் சாப்பிட்டவர்களுக்கு, அரிதாகச் சாப்பிட்டவர்களைவிட ஆபத்து முப்பது மடங்குக்கும் மேல் தெரிந்தது. பெரியவர்களான பிறகு சாப்பிட்டதைவிடச் சின்ன வயதில் சாப்பிட்டதுதான் கணக்கில் வந்தது.

1993இல் லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'சீன முறை உப்பு மீனை' முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று, சேர்த்தது. வாட்ஸ்அப் செய்தி இதோட நின்னுடுது. ஆனா அதே அறிக்கை மற்ற உப்பு மீன்களைத் தனியாகப் பிரித்து மூன்றாம் வகையில் வைத்தது. முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அதற்கு அர்த்தம். கான்டனீஸ் முறையில் மீனை உப்பிடும் முன் கொஞ்சம் பதம் கெட்டு மெதுவாகும்வரை விடுவதும் உண்டு. நைட்ரோசமைன் என்ற ரசாயனங்கள் அந்த மீனில் கிடைத்திருக்கின்றன. இன்னொன்றும் கவனிக்கணும். முதல் வகை என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை இல்லை. இதைப் புரிஞ்சுக்காம வர்ற ஃபார்வர்டுகளை எண்ணி மாளாது.

மீன் மட்டும் காரணமில்லை. 1963 டிசம்பரில் உகாண்டாவிலிருந்து ஒரு குழந்தையின் கட்டித் துண்டோடு லண்டன் போன விமானம், மூடுபனியால் மான்செஸ்டரில் இறங்கியது. தாமதமாக வந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போச்சோ என்று பார்த்தால், உயிரோடு மிதக்கும் செல்கள். அவற்றை வளர்த்து அந்தோணி எப்ஸ்டீன், இவான் பார், பெர்ட் அச்சோங் மூவரும் 1964இல் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். 1966இல் மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் தெரிந்தது. 1970இல் ஹரால்ட் ஸுர் ஹவுசன் கட்டிக்குள்ளேயே வைரஸின் டிஎன்ஏவைக் காட்டினார். ஆனால் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பத்தில் ஒன்பது பெரியவர்களுக்கு மேல் உடம்பில் இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் அநேகமாக இருக்கும். வைரஸ், பரம்பரை, சாப்பாடு, சுவாசிக்கும் காற்று எல்லாம் ஒரே ஆளிடம் எப்படியோ சேரவேண்டியிருக்கிறது.

காற்று என்றதும் எனக்கு கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் பிளைவுட் ஒட்டும் வேலை பல வருஷம் பார்த்தவர். அந்தப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் அதே முகமை 2004இல் முதல் வகைக்கு மாற்றியது, முக்கியமாக இந்தப் புற்றுநோயை வைத்துத்தான். மரத்தூள் 1995லேயே பட்டியலில் வந்துவிட்டது. அவருக்கு வந்தது இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தனி ஆளுக்கு வந்ததற்கு அப்படிக் காரணம் சொல்ல இந்த ஆய்வுகளால் முடியாது. ஆனா மீனைப் பிடிச்சுக்கிட்ட வீட்ல பசையைப் பத்தி யாரும் பேசவே இல்லை. இப்போ அந்த வேலை பார்க்கிற பையன்களுக்குக் காற்றோட்டமும் சரியான முகமூடியும் வேணும். துணி முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது.

இந்தியாவில் இந்த நோய் அதிகம் தெரிவது நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளில். அங்கே புகை போக வழியில்லாத அடுப்படியும், புகையில் உலர்த்திய இறைச்சியும் சந்தேகிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் வாய், நாக்குப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது அபூர்வம்தான். கருவாடே காரணம்னா நம்ம கடற்கரை ஊர்கள் ஹாங்காங் மாதிரி இருந்திருக்கணும்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். பதில் சொல்லாம அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தாங்க.

பெரியப்பாவின் கேள்வி வேற: "திரும்ப வருமாடா?"

இதற்கும் ஹாங்காங்கில்தான் தேட வேண்டியிருந்தது. 1999இல் டென்னிஸ் லோவின் குழு, 57 நோயாளிகளில் 55 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதைக் கண்டது. நோயில்லாத 43 பேரில் 3 பேருக்குத்தான் இருந்தது. சிகிச்சை முடிந்தபின்னும் அது மறையாமல் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று 2004இல் தைவான் ஆய்வு ஒன்றும் காட்டியது. 2017இல் அதே பரிசோதனையால் அறிகுறியே இல்லாத 20,174 ஆண்களைச் சோதித்து 34 பேருக்கு நோயைக் கண்டுபிடித்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு ஆரம்ப நிலை. நோய் அபூர்வமான நம்ம ஊரில் எல்லோருக்கும் இதைச் செய்வதில் அர்த்தமில்லை.

சரி, ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சா என்ன பண்றது? 2018இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், சிகிச்சைக்குப் பின்னும் வைரஸ் டிஎன்ஏ மிச்சமிருந்த 104 பேரில் பாதிப்பேருக்குக் கூடுதல் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. எச்சரிக்கை மணி நல்லா அடிக்குது, அணைக்கிற வண்டி இன்னும் வரலை. கட்டி இந்த வைரஸோடு சேர்ந்ததா இருந்தால்தான் இந்தப் பரிசோதனைக்கே பொருள் உண்டு. மற்றபடி ஸ்கோப், ஸ்கேன், கழுத்தைத் தடவிப் பார்ப்பது எல்லாம் பழைய வழிதான். திரும்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பும் என்று பெரியப்பாகிட்ட சொன்னேன். விரல் விட்டு மாசங்களை எண்ணினார்.

ஏழு வாரக் கதிரியக்கத்தில் அவருக்கு எச்சில் வற்றிப்போச்சு. எங்க போனாலும் கையில தண்ணி பாட்டில். போன ஞாயித்துக்கிழமை பெரியம்மா காரம் குறைச்சுக் கருவாட்டுக் குழம்பு வெச்சாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டு, "எரியுதுடா, ஆனா நல்லாருக்கு"ன்னார். அடுத்த ஸ்கோப் பன்னெண்டாம் தேதி.