படி இறங்கிப் பார்க்கும் கிணறு

திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வருபவர்கள் ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் பார்க்காமல் திரும்புவதில்லை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஆலம்பாக்கத்து விசையநல்லூழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டுவித்தது. மன்னனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மாற்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். நான்கு பக்கமும் படிகள். எந்தப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரை இறங்கலாம்.

வாளி விட்டு இறைக்கும் கிணற்றில் இது முடியாது. நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரும் நெடுங்காலம் வாளிக் கிணறாகத்தான் இருந்தது. மேலே மூல நிரலைப் போட்டால் ஓடும் நிரல் வரும், இல்லையேல் பிழைச் செய்தி வரும். நடுவில் அது நிரலை எப்படிப் புரிந்துகொண்டது என்பது எழுதியவருக்குத் தெரியாது.

அதனால் பிழை தேட வேறு கருவி வேண்டியிருந்தது. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய 'லின்ட்' அத்தகையது. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி என்ற கம்பைலரைத் தந்தார். மூல நிரல் எல்லோர் கையிலும் கிடைத்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்து வேறு கருவிக்குள் பொருத்துவது பெரும்பாடு.

கம்பைலருக்குள் இறங்கும் படிகளைக் கட்டியது எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு. 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும், மும்பை ஐஐடியில் படித்த விக்ரம் ஆத்வேயும் தொடங்கியது. அதன்மேல் எழுந்த கிளாங் கம்பைலர் 2007இல் திறந்த மூலமானது. சி மொழியில் ஒருவர் 'வயது 18ஆ?' என்று கேட்க நினைத்து, இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்றைப் போட்டுவிடுகிறார். கேள்வி கேட்பதற்குப் பதில் வயதையே 18 ஆக்கிவிடும் அந்த வரி. கிளாங் அந்த இடத்தைச் சுட்டி, இன்னொரு குறி போடலாமே என்று திருத்தத்தையும் காட்டும்.

மைக்ரோசாஃப்ட் தன் சி ஷார்ப் கம்பைலரை 'ராஸ்லின்' என்ற பெயரில் 2014இல் திறந்தது. அது கட்டும் நிரல் மரத்தில் இடைவெளிகளும் குறிப்புரைகளும்கூட அப்படியே இருக்கும். ஒரு பிழையைத் திருத்தும்போது எழுதியவரின் மற்ற எழுத்துகள் கலையாமல் இருப்பது அதனால்தான். பிறர் எழுதியதைத் தொடுகிற எவருக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

தமிழிலும் இந்தப் படி கட்டப்பட்டிருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' என்ற சொல் அதன் பின்னால் நிற்கும். 'மழை பெய்தால்' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இந்த வரிசை இயல்பானது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பில் சொல்பிழை திருத்தும் பகுதியும் உண்டு.

எழிலின் மூல நிரல் பைத்தானில் எழுதப்பட்டது, திறந்தே கிடக்கிறது. திருச்சியில் கணினி படிக்கும் மாணவர்கள் ஒரு மாலையாவது அதைத் திறந்து, ஒரு தமிழ் வரி உள்ளே என்னவாகிறது என்று படிப்படியாக இறங்கிப் பார்க்க வேண்டும்.