ரெண்டு பேரும் வேண்டாம்: 1983 பிரிட்டனின் நடுவழி வாக்காளர்கள்

இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன. உங்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அப்போது உங்கள் ஓட்டை என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு எண்பதுகளின் பிரிட்டனில் 77 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே நாளில் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலுக்கு என்ன ஆச்சு என்பதுதான் இந்த எபிசோட்.

1981-ல் இருந்து ஆரம்பிக்கலாம். மார்கரெட் தாட்சர் பிரதமராகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்படுகின்றன. அடுத்த வருஷ ஆரம்பத்தில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிடும். சரி, எதிர்க்கட்சிக்குப் போகலாம் என்றால், மைக்கேல் ஃபுட் தலைமையில் லேபர் கட்சி வேகமாக இடது பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அணு ஆயுதங்களை ஒருதலையாகக் கைவிட வேண்டும், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று குரல்கள். ஜனவரி 24 அன்று வெம்பிளியில் நடந்த சிறப்பு மாநாட்டில், கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதப் பங்கு என்று முடிவானது. எம்.பி.க்களுக்கு 30தான்.

மறுநாளே நான்கு முன்னாள் அமைச்சர்கள் கிழக்கு லண்டனில், லைம்ஹவுஸில் உள்ள டேவிட் ஓவன் வீட்டில் கூடி ஓர் அறிக்கை விட்டார்கள். ஓவன், ராய் ஜென்கின்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ். 'நால்வர் கூட்டம்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. மார்ச்சில் சோஷியல் டெமாக்ரடிக் பார்ட்டி பிறந்தது, சுருக்கமாக எஸ்டிபி. கிரெடிட் கார்டில் பணம் கட்டி உறுப்பினர் ஆகலாம் என்றார்கள். அன்றைக்கு அது கேலிக்கும் ஆளானது, வேலையும் செய்தது. அதுவரை எந்தக் கட்சியிலும் சேராத பலர் வந்து சேர்ந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானவர்கள் இவர்கள்தான், தலைவர்கள் இல்லை.

பழைய லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்தார்கள். நவம்பர் 1981-ல் கிராஸ்பி இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சி 19,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்திருந்த தொகுதி. அதை ஷெர்லி வில்லியம்ஸ் தட்டிப் பறித்தார். டிசம்பரில் ஒரு கருத்துக்கணிப்பு கூட்டணிக்கு 50 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்றது. லிபரல் தலைவர் டேவிட் ஸ்டீல் அதற்கு முன்பே தன் தொண்டர்களிடம், ஊருக்குப் போய் ஆட்சிக்குத் தயாராகுங்கள் என்று சொல்லியிருந்தார்!

அப்புறம் ஃபாக்லாந்து. 1982 ஏப்ரலில் அர்ஜென்டினா தீவுகளைப் பிடித்தது, ஜூனில் பிரிட்டன் மீட்டது. தாட்சரின் செல்வாக்கு எகிறியது. போர் மட்டுமே காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பொருளாதாரமும் அதற்குள் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது என்பதை நான் சேர்த்துக்கொள்வேன்.

இப்போது 1983 ஜூன் 9-ஆம் தேதி முடிவுக்கு வருவோம். நம்ம ஊர் தேர்தல் முறையும் அங்கிருந்து வந்ததுதான், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சட்டென்று புரியும். லேபர் 27.6 சதவீதம், 209 இடங்கள். கூட்டணி 25.4 சதவீதம், 23 இடங்கள். இன்னொரு தடவை கேளுங்க. வித்தியாசம் 2.2 சதவீதம், ஆனால் இடங்களில் 186. ஒரு லேபர் எம்.பி.க்குச் சராசரியாக 40,000 ஓட்டு போதுமாக இருந்தது. கூட்டணிக்கு ஒரு எம்.பி. கிடைக்க 3,38,000 ஓட்டு தேவைப்பட்டது.

ஏன்? லேபர் ஓட்டு சுரங்க ஊர்களிலும் ஆலை நகரங்களிலும் குவிந்து கிடந்தது. நடுவழி ஓட்டு நாடு முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது. இவர்களுக்கென்று ஒரு தெரு இல்லை, ஒரு சங்கம் இல்லை, ஒரு ஊர் இல்லை. 300-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் கூட்டணி இரண்டாம் இடம். இரண்டாம் இடத்துக்கு இந்த முறையில் ஒன்றும் கிடையாது. தாட்சருக்கு 1979-ஐவிட ஏறக்குறைய 7 லட்சம் ஓட்டு குறைந்தது. இடங்களோ 339-லிருந்து 397 ஆயின.

"நீங்கள்தான் ஓட்டைப் பிரித்து தாட்சரை உட்கார வைத்தீர்கள்" என்று லேபர்காரர்கள் வருஷக்கணக்கில் திட்டினார்கள். நான் இதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கூட்டணிக்குப் போட்டவர்களில் நிறைய பேருக்கு அடுத்த தேர்வு கன்சர்வேட்டிவ். கூட்டணி இல்லாவிட்டால் அந்த ஓட்டெல்லாம் லேபருக்குப் போயிருக்கும் என்பது ஆசை, கணக்கு இல்லை. உண்மையான சிக்கல் வேறு. எது வேண்டாம் என்பதில் இவர்கள் ஒன்றாக இருந்தார்கள். எது வேண்டும் என்பதில் இல்லை. தாட்சரின் சந்தைக் கொள்கையோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் ஓவனும் ஜென்கின்ஸுமே ஒத்துப்போகவில்லை.

1987-ல் 22.6 சதவீதம், 22 இடங்கள். 1988-ல் எஸ்டிபி லிபரல்களோடு இணைந்தது. ஓவன் மட்டும் தனிக்கடை நடத்தினார். 1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலில் அவருடைய கட்சிக்கு 155 ஓட்டு. கேலிக்காகவே போட்டியிடும் மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சிக்கு 418. சில நாட்களில் கடையை மூடினார்கள்.

ஆனால் அந்த வாக்காளர்கள் எங்கும் போய்விடவில்லை. 1983-ல் அதே இரவில் செட்ஜ்ஃபீல்டில் லேபர் சார்பில் 30 வயது டோனி பிளேர் ஜெயித்திருந்தார். அவர் தலைவரானதும், 1995-ல், தேசியமயத்தைக் குறிக்கோளாக வைத்திருந்த நான்காம் ஷரத்தை மாற்றி எழுதினார். 1997-ல் 418 இடங்கள். அவர் ஆலோசனை கேட்ட பெரியவர்களில் ஒருவர் ராய் ஜென்கின்ஸ். தேர்தல் முறையை மாற்றுவது பற்றி ஆராய ஒரு குழு அமைத்து, அதற்கு ஜென்கின்ஸையே தலைவராக்கினார் பிளேர். 1998 அக்டோபரில் அறிக்கை வந்தது, முறையை மாற்றச் சொல்லி. பழைய முறையிலேயே 43 சதவீத ஓட்டுக்கு இத்தனை இடங்கள் வாங்கியிருந்த பிளேர் அரசு, அதை வாக்கெடுப்புக்கு விடவே இல்லை.