வெறுப்புப் பேச்சு: 1908 கலகமும் ஒரு கலர் கயிறும்

பாபநாசம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அகஸ்தியர் அருவி, காரையாறு அணை, இல்லைனா கமல் படம். எனக்கு அந்த மில் ஞாபகம் வரும். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் ஓட்டிய பஞ்சாலை. இன்னைக்குக் கதை, அதே முதலாளிகளின் இன்னொரு மில்லில், தூத்துக்குடி கோரல் மில்லில் தொடங்குது.

1908 பிப்ரவரி 27. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவங்களுக்காக மேடையேறிப் பேசினாங்க. சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் மார்ச் 12-ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தாங்க. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டும், வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைஞ்சும், 1912 டிசம்பரில்தான் வ.உ.சி. வெளியே வந்தார்.

குற்றம் என்ன? ராஜத்துரோகம், பிரிவு 124ஏ. 1898-ல் அதைத் திருத்தும்போது, அரசு மேல் 'வெறுப்பு' உண்டாக்குவதும் குற்றம்னு சேர்த்தாங்க. அதே திருத்தத்தில்தான் 153ஏ பிறந்தது: மக்கள் பிரிவுகளுக்கு இடையே பகை வளர்ப்பது குற்றம். வெறுப்புப் பேச்சு வழக்குகளில் இன்னைக்கும் போடுவது இதைத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவில் எண் மட்டும் 196-னு மாறியிருக்கு. அரசைக் காக்கும் 'வெறுப்பு'ச் சட்டமும் மக்களைக் காக்கும் சட்டமும் ஒரே மசோதாவில் வந்தவை.

அப்போ தடையே வேண்டாமா? காலேஜில் நான் அப்படித்தான் வாதாடுவேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் சொன்ன மாதிரி, உடனடி வன்முறையைத் தூண்டாத வரைக்கும் யாரும் எதுவும் பேசட்டும். பேச்சுக்குப் பேச்சாலே பதில் சொல்லலாம்னு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என் வாதத்தை அசைச்சுது. ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் கலர் கயிறைத் தடை செய்யணும்னு அதில் பரிந்துரை.

கயிறும் ஒரு பேச்சுதானே? ஆமா. ஆனா அதுக்குப் பதில் பேச, அதே வகுப்பில் தனியா உட்கார்ந்திருக்கும் பையனுக்கு என்ன மேடை இருக்கு? வ.உ.சி. எதிர்த்துப் பேசிய அரசுகிட்ட போலீஸ், கோர்ட், சிறை எல்லாமே இருந்தது. அதைக் காப்பாத்த ஒரு சட்டம் தேவையே இல்லை.

அதனால இன்னைக்கு என் நிலைப்பாடு இது: அரசை வெறுக்கும் உரிமை வேணும். பிறப்பைச் சொல்லி மனுஷனை மிரட்டுறதுக்குத் தடை வேணும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேல் வெறுப்பை வளர்ப்பதைத் தனிக் குற்றமாகவே வச்சிருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். யாரைக் காக்கிறோம்னு அது பெயர் சொல்லியே சொல்லுது.

ஒரு பயம் மட்டும் போகலை. 196-ஐ எஃப்ஐஆரில் எழுதுறது போலீஸ்தான். நாளைக்கு ஒரு மில் தொழிலாளியின் கோபத்தையும் 'பகை வளர்ப்பு'ன்னு எழுதலாம். அடுத்த தடவை இப்படி ஒரு வழக்கு செய்தியில் வந்தா, பேசினது யார்னு பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. இந்தச் சட்டம் இங்கே யாரைக் காப்பாத்துதுன்னும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.