தனித்துச் செல்லும் உரிமை

திருவனந்தபுரத்தில் கரமனையிலோ வலியசாலையிலோ உள்ள அக்கிரகாரத்தில், எதிரெதிரே அமைந்த இரண்டு வரிசைத் திண்ணைகளுக்கு நடுவே ஒருவர் காலை வேளையில் நடந்துபோனால், தெருக்கோடியை எட்டுவதற்குள் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார், சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாரா என்ற கேள்விகளுக்குப் பலமுறை விடை சொல்லியாக வேண்டும் என்பது அவ்வூரில் பழகியவர்கள் அறிந்த விஷயம். அவை வாஞ்சையினால் எழும் கேள்விகளே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், பேச்சினால் களைப்புற்று மௌனத்தினால் தெளிவு பெறும் சுபாவத்தோடு பிறந்த மனிதருக்கு அந்த வாஞ்சை நாள்தோறும் சுமக்க வேண்டிய பாரமாகவே இருந்தது. ஸ்விட்சர்லாந்து நாட்டு மனோதத்துவ அறிஞரான கார்ல் யுங் 1921-இல் வெளியான தம் நூலில் இத்தகைய அந்தர்முக சுபாவம் உடையவர்களைத் தனியொரு வகையினராகப் பிரித்து விளக்கினார். அவர்களை ஆராய்ந்து பெயரிட்டவர் யுங். அவர்களுக்கு அன்றாட வாழ்வில் வேண்டியிருந்த உபகாரத்தைச் செய்தது துவிசக்கர வண்டி.

அதற்கு முன் இருந்த வாகனங்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். வில்வண்டியில் ஏறினால் வண்டிக்காரரும் மாடும், குதிரையில் ஏறினால் குதிரையும் அதைப் பேணும் ஆளும், பல்லக்கில் ஏறினால் அதைச் சுமக்கும் மனிதர்களும் உடன் வந்தே தீர வேண்டும். நடையைவிட விரைவாக ஒரு மனிதன் எந்த ஜீவனையும் துணைக்கு அழைக்காமல் தரைமீது செல்வதென்பது, 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், கால்களால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர மரவண்டியைச் செலுத்திக் காட்டும்வரை எளிதில் கைகூடாத காரியமாக இருந்தது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டியும், 1888-இல் டன்லப் கண்ட காற்றடைத்த டயரும் சேர்ந்த பிறகே அந்த வண்டி சாமானியருக்கு உரியதாயிற்று. அதற்குள்ளாகவே, 1884-இல் முன்சக்கரம் மிகப் பெரிதான பழைய மாதிரி வண்டியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ், லாகூரிலிருந்து கல்கத்தா வரையில் நம் நாட்டுப் பெரும்பாதை வழியாகவும் மிதித்துவந்து, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் தம் உலக யாத்திரையை முடித்திருந்தார்.

ஆனால் அந்தர்முக மனிதருக்குச் சைக்கிள் தரும் சுகம் தூரத்தில் மட்டும் இல்லை. அது தரும் நாகரிகமான சாக்கில் இருக்கிறது. நடந்து செல்பவரை யாரும் நிறுத்தலாம், நிற்காமற்போனால் அது அகங்காரம் எனப்படும். பஸ்ஸில் செல்பவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசாமல் தப்ப வழியில்லை. சைக்கிளில் செல்பவரோ தெரிந்த முகத்தைக் கண்டதும் தலையை அசைத்து, ஒரு புன்னகை செய்து, மணியை இலேசாக ஒலித்துவிட்டுப் போய்விடலாம். நின்றால் வண்டி சாயும் என்பதை எதிரில் இருப்பவரும் அறிவாராகையால் அதில் அவமரியாதை ஏதும் இல்லை. மனிதர்களை வெறுக்காமலே அவர்களைக் கடந்து செல்ல முடிகிறது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். கால்கள் ஒரே தாளத்தில் இயங்க, கண் பாதையில் ஊன்றியிருக்க, மனத்தின் மேற்பரப்பு மட்டும் அந்த வேலையில் ஈடுபட்டு, அடியாழம் தன் போக்கில் சிந்திக்க விடப்படுகிறது. அறையில் தனியே உட்கார்ந்திருப்பவனை வந்து பிடித்துக்கொள்ளும் சஞ்சலம், சைக்கிளில் செல்பவனை அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. சாலை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். திருவனந்தபுரம் அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது நெடுங்காலம் பொதுவாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல், இவ்வூரில் தனிமையின் இன்பத்தைப் பற்றி எழுதுவது தர்மமாகாது. இன்னின்ன ஜாதியார் இன்னின்ன தூரத்துக்கு விலகி நிற்க வேண்டும் என்ற தீண்டாமை விதிகள் அமலில் இருந்த நாட்களில், புலையர் முதலான மக்கள், மேல்ஜாதியார் எதிர்ப்பட்டுத் தீட்டு நேராதபடி, தாம் வருவதைக் குரலெழுப்பி அறிவித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. தனித்து நடப்பது இருக்கட்டும், மௌனமாக நடக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை! இதைப் படித்த நாள் முதல், இவ்வூரில் ஓசையின்றிச் செல்லும் எந்தச் சைக்கிளையும் என்னால் சாதாரணக் காட்சியாகப் பார்க்க முடிந்ததில்லை.

அந்த விதியை வெளிப்படையாக உடைத்தவர் சைக்கிளில் வரவில்லை, வில்வண்டியில் வந்தார். கோவளத்துக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-இல் காளைகள் பூட்டிய வில்வண்டியில் ஏறி, தம் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுப்பாதையில், எல்லோரும் காணும்படி நிமிர்ந்து அமர்ந்து சென்றார். அது கூட்டத்தை எதிர்கொண்டு செய்த காரியம். தனிமை நாடுகிறவனின் இயல்புக்கு முற்றிலும் மாறான காரியம். பின்னர் 1924-இலும் 1925-இலும் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லா ஜாதியாரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்ததும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ. வெ. ராமசாமி அதில் சிறைப்பட்டதும், 1936 நவம்பர் 12-ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்ததும் நம்மவர் நன்கு அறிந்த சரித்திரம். பிறர் கண்ணில் படாமல் போக விரும்பும் இன்றைய மனிதன், பிறர் கண்ணில் படவேண்டுமென்றே அடியும் வசையும் பொறுத்து அப்பாதையில் சென்றவர்களின் கடனாளியாகவே மிதிக்கிறான்.

பிரகடனத்தை ஒட்டிய காலத்தில் சாலைகளும் மாறின. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழி 1930-களில் கான்கிரீட் பாதையாக்கப்பட்டது. அதே வழியில் 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சமஸ்தானத்தின் அரசாங்க பஸ் ஓடத் தொடங்கியது. கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று நீளும் அப்பாதை, 1956 நவம்பர் 1-ஆம் தேதி தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணையும்வரை ஒரே நாட்டின் பாதையாக இருந்தபடியால், தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்தோடிய வழியாகவும் இருந்தது.

திருவனந்தபுரம் நகரத்துக்குள் சைக்கிளோட்டம் அவ்வளவு சுலபமன்று. குன்றுகளின்மேல் எழுந்த ஊராகையால், பழவங்காடியிலிருந்து செயலகத்தை நோக்கிச் செல்லும்போதும், பட்டத்திலிருந்து கேசவதாசபுரம் வழியாக நாலாஞ்சிறைக்கு ஏறும்போதும் இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷமும் ஆண்டில் பல மாதங்களைத் தமதாக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிய சிரமம் இறக்கத்தில், பெடலை மிதிக்காமலே காற்றில் மிதந்து செல்லும்போது மறந்துபோகிறது. பேட்டை, சாக்கை வழியே மேற்கே போனால் நிலம் சமமாகி, பார்வதி புத்தனாறு என்னும் பழைய கால்வாயைத் தாண்டியதும் சங்குமுகத்தின் உப்புக் காற்று முகத்தில் படும். தனியாகச் செல்பவனுக்கு இதைவிட நல்ல மாலைப் பாதை அவ்வூரில் இல்லை என்பது என் துணிபு.

கூட்டத்துக்கு நடுவிலும் சைக்கிள் ஓடியதுண்டு. கேரளத்துக் கிராமங்களிலும் தென்தமிழ்நாட்டிலும், மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒரே மனிதர் பல நாட்கள் காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றிச் சுற்றி ஓட்டும் சைக்கிள் யக்ஞம் முன்னாட்களில் நடைபெற்று வந்தது; குளிப்பதும் உண்பதும் உடை மாற்றுவதும் வண்டியின்மீதேதான். இரவு பகலாக ஊராரின் பார்வையிலேயே இருந்து, விலகிச் செல்ல ஒரு பாதை இல்லாமல் ஒரே வட்டத்தில் ஓட்டிய அந்த ஏழைக் கலைஞர்களின் உடல் வேதனையை எண்ணினால் மனம் கசிகிறது. அதே காலத்தில் நம் ஊர்களில், இருவர் ஏறிச் சென்றால் போலீஸ்காரர் பிடிப்பார், இரவில் விளக்கின்றிச் சென்றால் அபராதம் விதிப்பார், வரி கட்டியதற்கு அடையாளமான தகட்டை வண்டியில் பொருத்தியிருக்க வேண்டியிருந்தது. இவற்றை எல்லோரும் உபத்திரவமாகக் கருதினாலும், இருவர் ஏறக்கூடாதென்ற விதி, துணைக்கு வருகிறேன் என்று கேரியரில் ஏற முற்படுவோரிடமிருந்து கூச்ச சுபாவிகளைக் காத்தது.

சங்குமுகத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் தும்பா இருக்கிறது. பூமியின் காந்த மத்தியரேகை அதற்கு அருகில் செல்வதால், விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவுவதற்கு அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ரா தம் மக்களிடம் பேசி, மரிய மக்தலேனா ஆலயத்தை விஞ்ஞானிகளிடம் ஒப்படைத்தார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ராக்கெட்டின் முனைப்பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்து இருவர் தள்ளிச் செல்வதாகப் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் எடுத்த புகைப்படம் உலகம் அறிந்தது. அதை நம் அன்றைய வறுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். எனக்கோ, அமைதியான காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு ஏற்ற வாகனமாகவே அந்தச் சைக்கிள் தோன்றுகிறது.

இச்சரித்திரத்தில் பெண்கள் மிகத் தாமதமாகவே வருகிறார்கள். தந்தையோ தமையனோ கணவனோ உடன்வராமல் வெளியே செல்லக்கூடாது என்றிருந்த பெண்களுக்கு, அய்யன்காளி திறந்த சாலைகூடப் பாதிதான் திறந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் தர, அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் கற்றார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் பிறர் தயவை எதிர்பாராமல் போய்வந்தார்கள். அவர்களுள் இயல்பாகவே பேச்சுக் குறைந்த பெண்களும் இருந்திருப்பார்கள். வாழ்நாளில் முதன்முறையாகத் தம் எண்ணங்களோடு மட்டும் ஒரு மைல் தூரம் சென்ற அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

திருவனந்தபுரத்தில் இன்று கவடியார்ச் சாலையிலும் புறவழிச்சாலையிலும் விடியுமுன் தனித்தனியே சைக்கிளில் செல்வோரைக் காண்கிறேன். வெயில் ஏறி, கார்களும் பஸ்களும் சாலையை அடைத்துக்கொண்டதும் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். ஓரத்தில் நிழல் தரும் மரங்களும், அவற்றின் கீழே மோட்டார் வண்டி நுழையாத ஒரு சிறு பாதையும் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். கூட்டமாகத் திரண்டு வந்து இதைக் கேட்கும் சுபாவம் அவர்களுக்கு இல்லாதபடியால், அவர்கள் சார்பில் நான் கேட்கிறேன்.