ஹார்ட் அட்டாக் துப்பு... ரத்த செல்லுக்குள்ளேயே இருக்கா?

“நெஞ்சு எரியுது, கேஸா இருக்கும்”னு ஒரு சோடாவைக் குடிச்சுட்டுப் படுக்கிறவங்க நம்ம எல்லார் வீட்டிலும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் இ.சி.ஜி-யோடு ‘ட்ரோபோனின்’ டெஸ்ட்டும் எடுப்பார்கள். இதயத் தசைக்குள் இருக்கும் புரோட்டீன் இது. தசை சேதமானால்தான் ரத்தத்தில் கசியும். வலி ஆரம்பித்த உடனே எடுத்தால் நார்மல் என்றுகூட வரலாம். அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். ‘அதான் ஒரு தடவை எடுத்தாச்சே’ என்று கிளம்பிவிடாதீர்கள்!

சரி, தசை சேதமாவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் புரோட்டீன் இருக்கிறதா? அதைத்தான் ரத்த செல்களுக்குள் தேடுகிறார்கள். காரணம் இருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பு என்றால் வெறும் கொழுப்பு படிவது மட்டுமல்ல. குழாயின் சுவருக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அந்தப் படிவு வெடித்தால், டெங்கு சீசனில் நாம் எண்ணிப் பார்க்கும் அதே பிளேட்லெட்டுகள் ஓடிவந்து கட்டியாகி வழியை அடைக்கின்றன. அப்போ, சம்பவ இடத்தில் இருந்த சாட்சிகளைத்தானே விசாரிக்கணும்?

அப்படிச் சிக்கிய ஒன்றுதான் மைலோபெராக்சிடேஸ். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவில் நிறைய இருக்கும். இதன் நிறமே பச்சை. சளி பச்சையாக வருவதற்கும் இதுதான் காரணம் (சாப்பிடும்போது படிக்கிறவர்கள் மன்னிக்கவும்). நெஞ்சு வலியோடு வந்த 604 பேரிடம் இதை அளந்த ஆய்வு ஒன்று 2003-ல் அமெரிக்காவில் வெளியானது. ட்ரோபோனின் உயராதவர்களிலும்கூட, இது அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த 6 மாதங்களில் இதயப் பிரச்னை வரும் அபாயம் அதிகம் என்று தெரிந்தது.

அப்புறம் ஏன் எல்லா லேபிலும் இது இல்லை? வேறு அழற்சிகளிலும் இது உயரும். இதயத்தை மட்டும் கைகாட்டாது. மற்ற செல்களில் தேடுவதும் சுலபமில்லை. சிவப்பணுவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஹீமோகுளோபின்தான். அந்தக் கூட்டத்தில் சின்ன புரோட்டீன்கள் தொலைந்துபோகும். பிளேட்லெட்டில் வேறு சிக்கல்... ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் அசட்டையாக இருந்தாலே அது தூண்டப்பட்டு, உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். அப்புறம் அளப்பது நோயையா, ஊசி குத்தியதையா?

இப்போதைக்கு, வலி வந்தால் ட்ரோபோனின், வராதவர்களுக்கு பி.பி, சுகர், கொலஸ்ட்ரால். அப்பா, அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அட்டாக் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.