கற்பகவல்லியைப் பாடிய இணுவிற் புலவர்

மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மீது எழுந்த ‘கற்பகவல்லி’ என்னும் பாடலைக் கேளாத தமிழர் அரியர். கொட்டாஞ்சேனை முதல் தெஹிவளை வரை அதனை அறியாத சைவ இல்லமும் அரிதே. பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் என்பதை யாவரும் கூறுவர். இயற்றியவர் யாழ்ப்பாணத்து இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர் என்பதை அறிந்தோர் சிலரே.

நாதஸ்வரமும் தவிலும் தழைத்த இணுவிலில் 1931ஆம் ஆண்டு தோன்றிய ஐயர், சென்னை சென்று கலாக்ஷேத்திரத்தில் பயின்றார். தமிழிற் கீர்த்தனைகள் பல தந்த பாபநாசம் சிவன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். மயிலாப்பூர் அம்பிகையின் பாடல் அந்த மாணவப் பருவத்தின் விளைவேயாகும்.

அப்பாடல் ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என இராகம் மாறுந்தோறும், அவ்விராகத்தின் பெயரே அம்பிகையை விளிக்கும் பெயராகச் சாகித்தியத்தில் அமைகின்றது. இலக்கணம் அறிந்தவர் இராகத்தைக் காண்பர்; அறியாதவர் தாயைக் காண்பர். இருவர்க்கும் குறைவில்லை. வாக்கேயகாரர் பலர் தம் முத்திரையைப் பாடலின் இறுதியிற் பொறிப்பது மரபு. இப்பாடலிலோ இராகங்களின் பெயர்கள் உண்டு. ஆக்கியோன் பெயர் இல்லை.

தாயகம் மீண்ட ஐயர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 72 மேளகர்த்தா இராகங்களிலும் உருப்படிகள் இயற்றினார். அவற்றுட் பாதி சுத்த மத்திமமும், பாதி பிரதி மத்திமமும் கொண்டவை. விவாதி சுரங்கள் விரவிய மேளங்களை அரங்கிற் பாடுவோர் குறைவு. அத்தகைய இராகத்தை மாணவர் உணர்வதற்கு, சுர வரிசை மட்டும் போதாது. பொருளுள்ள பாட்டொன்று வேண்டும். தமிழில் அத்தேவையைக் கோடீசுவர ஐயர் முன்னரே நிறைவேற்றிய வழியில், ஈழத்து ஆசிரியர் ஒருவரும் நடந்தார்.

நாட்டிய நாடகங்களும் அவர் ஆக்கினார். ஈழத்து ஆலயங்கள் பலவற்றிற்கு ஊஞ்சற் பாக்களும் பாடினார். சுவாமியை ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து அடியார் கூடிப் பாடும்போது, புலவரின் சொல் ஊராரின் சொல்லாகிவிடுகின்றது.

2003ஆம் ஆண்டு ஐயர் மறைந்தார். பாட்டு ஊருக்கு உரியதாவது புலவனுக்குப் பெருமையே. ஆயினும் அதனால் அவன் பெயர் மறைதல் முறையன்று. பாடியவர் பெயரைச் சொல்லும் அறிவிப்பாளரும், மேடையில் ஏறும் மாணவியும், இயற்றியவர் பெயரையும் ஒருமுறை உரைத்தல் வேண்டும். ஒரு விநாடியிற் செலுத்தக்கூடிய கடன் அது.